சூடு ஆறாத தூரம்

எங்கள் லாரி யார்டில் அவருக்குப் பெயர் பிளாஸ்க். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அவர் அண்ணன். நான் அவருடைய செகண்ட் டிரைவர். நீண்ட தூர லோடு என்றால் ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர், அது எங்கள் யார்டு வழக்கம். ஒருத்தன் ஓட்டும்போது இன்னொருத்தன் தூங்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்தால் சண்டை வரும், சேர்ந்து தூங்கினால் சாவு வரும் என்பார் அண்ணன். பதினைந்து வருஷமாக அந்தக் கேபினில் அவரோடு குப்பை கொட்டியிருக்கிறேன்.

ஆள் நல்ல உயரம். வலது கை இடது கையைவிட இரண்டு மடங்கு கறுப்பு, ஜன்னல் பக்கத்துக் கை என்பதால். தார்ப்பாய்க் கயிறு ஒரு விரற்கடை தளர்ந்திருந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார், மழை கொட்டினாலும் சரி. எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேர்வோம் என்று முதலாளி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "போனதும் சொல்றேன்." அவ்வளவுதான். முதலாளிக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் அண்ணன் ஏற்றின கண்ணாடிச் சரக்கில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார்.

பிளாஸ்க் என்று பெயர் வரக் காரணம் கேபினில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கும் அந்த எஃகு பிளாஸ்க்தான். பச்சைப் பெயின்ட் உரிந்து, அடியில் ஒரு நெளிசலோடு இருக்கும். நெளிசல் நான் செய்தது. ஒரு தடவை கதவைத் திறந்தபோது என் முழங்கை பட்டுக் கீழே விழுந்து பின்சக்கரம் வரைக்கும் உருண்டது. அண்ணன் குதித்து ஓடின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"சரக்கு விழுந்தா இன்சூரன்ஸ் இருக்குடா. இது விழுந்தா வீட்டுல உங்க அண்ணி இருக்கா."

அண்ணி போட்டுத் தரும் டீ அது. புறப்படும்போது வீட்டில் நிரப்பினால் அண்ணன் வழியில் ஒரு சொட்டு எடுக்க மாட்டார், என்னையும் எடுக்க விட மாட்டார். நாங்கள் வழியில் கடையில் குடித்துக்கொள்வோம். பிளாஸ்க் டீ பெரியவளுக்கு.

பெரியவள் என்றால் அவருடைய மூத்த பெண். எங்கள் லாரி ஓடுகிற பாதையில், எட்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தார். "மாப்பிள்ளையைப் பாத்துப் பொண்ணு குடுப்பாங்க, இவரு ரோட்டைப் பாத்துக் குடுத்தாரு" என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார். லோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை அவள் தெரு முனையில் நிறுத்தி, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் நின்றபடியே மூடியில் டீ ஊற்றி அவள் கையில் கொடுப்பார். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

"சூடா இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப நான் பக்கத்துலதான் இருக்கேன்."

இது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள பேச்சு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் கண்டு படுத்தபடுக்கையாகிவிட்டது. மாப்பிள்ளை வேலையில் மாட்டிக்கொண்டான். அண்ணன் யார்டில் நின்ற காலி வண்டியை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கும் பிளாஸ்க் வந்தது. அன்றைக்கும் டீ சூடாகத்தான் இருந்தது. அதிலிருந்து அது வீட்டுச் சட்டமாகிவிட்டது: என் பெண்ணுக்கு ஒன்று என்றால், வீட்டில் ஊற்றின டீ ஆறுவதற்குள் நான் அவள் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு மேல் தூரத்தில் பெண் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அந்த ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, டயர்களைத் தட்டிப் பார்ப்பார். அது என் தூக்க நேரம். என்னை எழுப்ப மாட்டார்.

சட்டத்துக்குச் சோதனை சின்னவள் ரூபத்தில் வந்தது. சின்னவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்குள் ஏசி மாட்ட ஒரு மெக்கானிக் வந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்க்காரன், இங்கே அவன் கம்பெனி எடுத்த ஒரு பெரிய வேலைக்காக வந்திருந்தவன். அந்தக் கடை ஏசி மாதிரி அடிக்கடி ரிப்பேர் ஆன ஏசி உலகத்திலேயே கிடையாது. வேலை முடிந்து பையன் ஊருக்குத் திரும்பிப் போனான். இவள் போனும் கையுமாகத் திரிந்தாள்.

ஒரு லீவு நாளில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சின்னவள் வந்து அண்ணன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தாவணி நுனியால் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்து.

சின்னவள் சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, பிளேன்ல ரெண்டே மணி நேரம்ப்பா. அக்கா வீட்டுக்கு நீங்க எட்டு மணி நேரம் ஓட்டுறீங்க."

"கிலோமீட்டர் எவ்வளவு?"

"ஆயிரத்து இருநூறு."

"ஆயிரத்து இருநூறை ரெண்டு மணி நேரத்துலயா? யாருகிட்ட கதை விடுற?"

"பிளேன்ப்பா அது!"

"பிளேனா இருந்தா என்ன? ஏத்தணும், இறக்கணும், செக்போஸ்ட்ல நிக்கணும். சக்கரம் சுத்துற நேரத்தை மட்டும் சொல்றவன் டிரைவர் இல்ல, புரோக்கர். கேட்லேருந்து கேட்டுக்கு எவ்வளவு? அதைச் சொல்லு."

"பொண்ணு கல்யாணம் பேசுறா, இவரு லோடு இறக்குறாரு" என்றார் அண்ணி.

சின்னவள் கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டாள். "சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினாள். நான் எங்கே சொல்வது? ஸ்டியரிங் அவர் கையில் இருக்கும்போது நான் வாயைத் திறக்கிறது கிடையாது.

அண்ணன் மேஜைமேல் இருந்த பிளாஸ்க்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓட்டிப் பாக்காத ரூட்டுக்கு நான் வாடகை பேசினதில்ல. போய்ப் பாத்துட்டு வரேன். இங்க ஊத்துற டீயை அந்த வீட்டு வாசல்ல திறப்பேன். சூடா இருந்தா அந்தப் பையன்கிட்ட பேசுறேன். ஆறியிருந்தா இந்தப் பேச்சு இந்த வீட்டுல அத்தோட நிக்கணும். சம்மதமா?"

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சம்மதம். ஆனா அப்பா, ஏர்போர்ட்ல டீயெல்லாம் உள்ள..."

"எத்தனை செக்போஸ்ட் பாத்திருக்கேன்! ஒருத்தனும் இதைத் திறந்து பாத்ததில்ல. அந்தப் பையனுக்கு நாங்க வர்றது தெரியக்கூடாது. தெரிஞ்சா வண்டி எடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்பான். அது கணக்குல சேராது."

"நாங்கன்னா?" என்றேன்.

"நீயும் வர்ற."

"நான் எதுக்குண்ணே?"

"தூர லோடு. ரெண்டு டிரைவர்."

முன்னொரு காலத்தில் எல்லை தாண்டி லோடு ஓட்டினோம், அதனால் இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. தப்பிக்க வழியில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். ஆகாயத்தில் வண்டியை ஓரம் கட்டி டயர் தட்டிப் பார்க்க முடியாதே!

புறப்பட்ட அன்று இருட்டோடு எழுந்து அண்ணி டீ போட்டார். அண்ணன் வாசல் கதவைச் சாத்தின கையோடு மணியைப் பார்த்துக்கொண்டார். சின்னவள் படிக்கட்டு வரைக்கும் வந்தாள். பிளாஸ்க் மூடியை மட்டும் ஒரு தடவை இறுக்கித் திருகிக் கொடுத்தாள்.

ஏர்போர்ட்டில் பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டு எடுக்கிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள், சின்னவள் வயசுதான் இருக்கும். கறுப்புக் கால்சட்டை, கையில் ரப்பர் உறை.

"ஐயா, இதுல என்ன?"

"டீ."

"உள்ள கொண்டு போகக் கூடாதுங்க."

"டீதாம்மா."

"டீதாங்க கூடாது. குடிச்சிடுங்க, இல்லேன்னா அந்தத் தொட்டியில ஊத்திடுங்க."

அண்ணன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததேயில்லை. "தொட்டியிலயா? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு என் பொண்டாட்டி தொட்டிக்கா டீ போட்டா?"

"அப்ப குடிச்சிடுங்கய்யா. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

ஓரமாக நின்று குடித்தோம். முழு பிளாஸ்க்கையும். மூடியில் அவர் ஒன்று, நான் ஒன்று. அண்ணியின் டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் ஒன்று நீட்டினார், டியூட்டி என்று சொல்லிவிட்டாள். வரிசையில் நின்ற ஒரு குழந்தை, "அம்மா, அந்தத் தாத்தா ஏன் அழுறாரு?" என்று கேட்டது. "அழலடா, டீ சூடு" என்றாள் தாய். எனக்கு நாக்கு வெந்து போனது. அண்ணனுக்கு நாக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் காலி பிளாஸ்க். "போச்சு. கணக்கே போச்சு. இப்ப எதை வச்சுச் சொல்றது?"

"இங்கயும் டீக்கடை இருக்குண்ணே. ஊத்திக்கலாம்."

"நடுவழியில ஊத்துறது ஏமாத்து வேலை" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற பிளேனின் டயரைப் பார்த்தார்.

பிளேனில் உட்கார்ந்ததும் பெல்ட்டைக் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்துச் சோதித்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"டிரைவர் ரெண்டு பேர் இருக்காங்களாம்மா?"

"ரெண்டு பைலட் இருக்காங்க சார்."

"இப்ப யாரு தூங்குறாரு?"

"யாரும் தூங்கல சார். ரெண்டு பேரும் முழிச்சுட்டுத்தான் இருக்காங்க."

"சண்டை வருமே" என்று என் காதில் சொன்னார். பிறகு, "சரி, நீ முதல்ல தூங்கு. பாதியில எழுப்புறேன்" என்றார். எழுப்ப வேண்டிய வேலையே வரவில்லை. குடித்த டீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிக் கழிப்பறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நடைபாதையில் எதிரும் புதிருமாக ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு போனதுதான் அந்தப் பயணத்தில் நான் பார்த்த காட்சி. கடல் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதும் இரண்டு பேரும் வலது காலை அழுத்தி பிரேக் பிடித்தோம். வண்டி நின்ற பிறகுதான் காலை எடுத்தோம்.

சின்னவள் சொன்னது நிஜம். சரியாக இரண்டு மணி நேரம்.

"பரவால்ல, நல்லா ஓட்டுறானுங்க" என்றார் அண்ணன். அந்த நல்ல வார்த்தை பாஸ்போர்ட் வரிசை வரைக்கும்தான் தாங்கியது. வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. சுவர்க் கடிகாரம் அவர் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது.

"அது மெதுவா ஓடுதுடா."

"இந்த ஊர் நேரமே அப்படித்தாண்ணே. நமக்கு ஒரு மணி பின்னாடி."

"அப்ப ஒரு மணி நேரம் நமக்கு லாபமா?"

"திரும்பிப் போறப்ப பிடுங்கிக்குவாங்க."

"அப்ப அதைக் கணக்குல சேக்காதே" என்று கடிகாரத்தை மாற்றாமலே நடந்தார்.

வெளியே வந்தால் மழை. பஸ்ஸுக்கு நின்றோம். ஏறின பஸ் எங்களைத் தப்பான இடத்தில் இறக்கியது, அல்லது நாங்கள் தப்பாக இறங்கினோம். இன்னொரு பஸ். அது பாலத்தின் மேல் ஏறி, முன்னால் எவனோ எதிலோ இடித்துவிட்டதால், அங்கேயே குடியிருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. லாரியில் நெரிசல் என்றால் ஊரையே திட்டுவார். அவர் சும்மா இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சின்னவள் தந்த விலாசத்தை வைத்துப் பையன் குடியிருக்கிற கட்டடத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழையும்போது நம்ம ஊர்க் கணக்குப்படி மத்தியானம் தாண்டிவிட்டது. பழைய அடுக்குமாடி. ஜன்னலுக்கு ஜன்னல் கம்பியில் துணி, கீழே ஒரு சைக்கிள் கடை, ஒரு டீக்கடை, நாற்காலி மேஜை ரிப்பேர் செய்கிற ஒருத்தன். லிஃப்டில் "வேலை செய்யவில்லை" என்று அட்டை தொங்கியது. மூன்றாவது மாடி. முதல் மாடி திருப்பத்தில் அண்ணன் நின்றார்.

"தம்பி, பெரியவ வீட்டுக்கு ஆகிறதைவிட அதிகமாயிடுச்சு."

"ஆமாண்ணே."

"டீ இருந்திருந்தா ஆறியிருக்குமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்" என்றார். ஆறியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க முடியாது. திறந்து பார்க்காத பெட்டியை உடைந்தது என்று சொல்கிற ஆள் இல்லை அவர். மேலே ஏறினார்.

கதவைத் திறந்தது பையனின் அம்மா. சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். குட்டையான உருவம், முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள்.

"என்ன வேணும்?"

அண்ணன் திணறினார். ஒரு வாசலில் காலி பிளாஸ்க்கோடு அவர் நின்றது அன்றைக்குத்தான். "நாங்க... லாரிக்காரங்க."

"சாமான் எதுவும் சொல்லலியே. நாலாவது மாடியா இருக்கும், அவங்கதான் தினம் எதையாவது வரவழைக்கிறாங்க."

"இல்லம்மா, கண்ணாடிக் கடைப் பொண்ணு..." என்று நான் இழுத்தேன். "அவளோட அப்பா இவரு."

அந்தம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயையோ! சொல்லாம கொள்ளாம இப்படி வந்து நிக்கிறீங்களே! வீடு போட்டது போட்டபடி கிடக்கு. உள்ள வாங்க. நீங்க யாரு, பொண்ணோட சித்தப்பாவா?"

"செகண்ட் டிரைவர்" என்றார் அண்ணன்.

உட்காரச் சொல்லிவிட்டு மகனுக்குப் போன் போட்டார். "டேய், இருக்கிற வேலையை அப்படியே போட்டுட்டு வா. ஏன்னு கேக்காத, வா." ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி இல்லை. கிரீச் கிரீச் என்று ஒரு மின்விசிறி சுற்றியது. ஆனால் வீடு துப்புரவாக இருந்தது. கம்பியில் தொங்கின சட்டைகளில் ஒரு சுருக்கம் இல்லை.

அண்ணன் மறைக்கத் தெரியாதவர். வந்த காரியத்தை முழுக்கச் சொல்லிவிட்டார். பெரியவள், எட்டு மணி நேரம், சூடான டீ, சட்டம், தொட்டி, எல்லாம். "என் பொண்ணுக்கு ஒரு காய்ச்சல்னா நான் வந்து சேர இவ்வளவு நேரம் ஆகுதும்மா. அதுவரைக்கும் அவ தனியா..."

"அதுவரைக்கும் நான் எதுக்கு இருக்கேன்? செவுத்துல மாட்டி வைக்கவா?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அண்ணியைத் தவிர வேறு யாரும் அவர் வாயை அடைத்து நான் பார்த்ததில்லை.

பையன் மழையில் நனைந்து, தோளில் கருவிப் பையோடு ஓடி வந்தான். அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "வ... வாங்க சார்."

"சாராம் சார். மாமான்னு சொன்னா வாய் வலிக்குதா?" என்றார் அம்மா.

"வாங்க மாமா. ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து..."

"அதுக்குத்தான் பண்ணல" என்றேன்.

என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் ஈரத்தோடு உட்கார்ந்தான். கை சும்மா இருக்குமா? முன்னால் இருந்த பிளாஸ்க்கை எடுத்தான். "பாக்கலாமா மாமா?" என்று கேட்டபடி மூடியைத் திருகித் திறந்தான். உள்மூடியில் இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் தொட்டான். அது காய்ந்த ரொட்டித் தோல் மாதிரி உதிர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"இந்த வாஷர் செத்துப் போச்சு மாமா. இன்னிக்கு நேத்து இல்ல, வருஷக்கணக்குல ஆயிருக்கும். இப்படி இருந்தா சூடு வெளியே போயிட்டே இருக்கும். இதுல டீ மூணு மணி நேரம்கூட நிக்காது."

மின்விசிறி கிரீச் கிரீச் என்றது. அம்மாதான் கேட்டார், ஒன்றும் அறியாமல்தான் கேட்டார்: "அப்ப பெரிய பொண்ணு வீட்டுக்கு எட்டு மணி நேரம் எப்படிச் சூடாப் போச்சு?"

பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல... சில பிளாஸ்க்குல வாஷர் இல்லாமலும் நிக்கும்மா."

"நிக்காதுன்னு இப்ப நீதானடா சொன்ன!"

அண்ணனின் இரண்டு காதும் சிவந்துவிட்டன. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த ஊர் எல்லையில நான் டயர் தட்டுறப்ப நீ தூங்கிட்டுதானே இருப்ப?"

"நல்ல தூக்கம்ணே" என்றேன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

பதினைந்து வருஷம் செகண்ட் டிரைவராக இருந்தவன் கைப்பிரேக் சத்தத்துக்கு விழிக்காமல் இருப்பானா? பெரியவள் ஊர் எல்லையில் ஒரு டீக்கடை உண்டு. அண்ணன் பேருக்கு இரண்டு டயரைத் தட்டிவிட்டு, பிளாஸ்க்கோடு அந்தக் கடைக்குப் பின்னால் போவார். ஆறிப்போன அண்ணி டீயை அங்கேயே நின்று அவரே குடித்து முடிப்பார். கீழே ஊற்ற மனசு வராது. பிறகு கடையில் புதுசாக நிரப்பிக்கொண்டு வருவார். காய்ச்சல் கண்ட அந்த ராத்திரியில் தொடங்கினது இது. அவள் படுத்துக் கிடக்கிற இடத்துக்கு ஆறின டீயோடு போக அவரால் முடியவில்லை. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குறட்டை விட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த குறட்டையை நான் இன்றுவரை நிறுத்தவில்லை.

பையன் கருவிப் பையைத் திறந்து, ஒரு டப்பாவைக் கிளறி, நாலைந்து ரப்பர் வளையங்களை வைத்துப் பார்த்து, ஒன்றைப் பொருத்தினான். மூடியைத் திருகிக் கவிழ்த்துப் பார்த்தான். பிளாஸ்க்கை அண்ணன் முன்னால் வைத்தான். "இனிமே நிக்கும் மாமா" என்றான். அதோடு விட்டுவிட்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அண்ணன் பிளாஸ்க்கைக் கையில் எடுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு எழுந்தார்.

"கீழ ஒரு டீக்கடை பாத்தேனே, டீ நல்லா இருக்குமா?"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. சின்னவளுக்குக் கல்யாணம்.

"நான் போய் வாங்கிட்டு வரேன் மாமா" என்று பையன் எழுந்தான்.

"நீ உக்காரு. இது நான் போக வேண்டிய வேலை."

"நான் போடுறேன் டீ, வீட்டுல பால் இருக்கு" என்றார் அம்மா.

"நீங்க போடுறது அடுத்த தடவை. இப்ப நான்தான் கொண்டாரணும்."

மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்று, மூடியைக் கழற்றி, ஆவி பறக்க ஊற்றி, பையன் கையில் கொடுத்தார்.

"சூடா இருக்கா?"

பையன் ஒரு வாய் குடித்தான். அவசரத்தில் சுட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டினான். "இருக்கு மாமா."

"அப்ப சரி" என்றார் அண்ணன். பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

சின்னவளுக்குப் போன் போட்டுக் கொடுத்தான் பையன். ஒரு மணி கூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் பாவம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அண்ணன் அதை மேஜைமேல் வைத்தார்.

"அப்பா..." என்றாள். "டீ... சூடா இருந்துச்சாப்பா?"

"கொதிக்கக் கொதிக்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதன் பிறகு சிரிப்பு. "எந்தக் கடையில வாங்கினீங்க?"

அண்ணன் என்னை முறைத்தார். நான் கையை விரித்தேன். சத்தியமாக நான் சொல்லவில்லை.

"கடையா? என்ன கடை?"

"அக்கா கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாப்பா. நம்ம வீட்டு டீயில அம்மா ஏலக்காய் போடவே மாட்டாங்க. அங்க நீங்க கொண்டு போற டீ ஏலக்காய் வாசத்துல ஊரைத் தூக்குமாம்."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "வாஷரை மாத்துங்க, வாஷரை மாத்துங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்! கேட்டாத்தானே இந்த மனுஷன்!"

பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பையன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மூடியில் மிச்சம் இருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். வெந்த நாக்குக்கு என்ன தெரிந்ததோ, போன் பக்கம் குனிந்தார்.

"இந்த ஊர்ல இஞ்சி போடுறாங்கம்மா" என்றார். "உனக்குப் பிடிக்கும்."